பட்டும் வெப்பமும்

சித்திரைத் திங்களின் நண்பகல் வேளையில், சவ்வாது மலையில் தோன்றி வரும் செய்யாறு கலசப்பாக்கத்தின் பக்கத்தில் பெரும்பாலும் வெறும் மணற்பரப்பாகவே விரிந்து கிடக்கும். அம்மணலில் செருப்பின்றி நடப்பவர் நான்கடி வைப்பதற்குள் துள்ளி ஓடி மரநிழல் தேடுவர். ஆனால் அதே மணலை ஒரு முழ ஆழம் தோண்டிக் கையை வைத்துப் பார்த்தால் குளிர்ச்சி தோன்றும். சில இடங்களில் ஈரமும் கசியும். கால் பொறுக்காத சூட்டிற்கும் கைக்கு இதமான குளிர்ச்சிக்கும் இடையே இருப்பது ஒரு முழ மணல்தான்.

உலர்ந்த மணலின் பருக்கைகளுக்கு இடையே காற்று அடைபட்டுள்ளது. காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாத பொருள். ஆகவே ஞாயிற்றின் வெப்பம் மேற்பருக்கையிலிருந்து அடுத்த பருக்கைக்கும், அதிலிருந்து அதற்கடுத்ததற்கும் மிக மெல்லவே இறங்குகிறது. அது ஆழத்தை எட்டுவதற்குள் மாலை வந்து, மேற்பரப்பும் குளிரத் தொடங்கிவிடுகிறது.

ஆரணிப் பட்டிற்குப் பெயர்பெற்ற இவ்வட்டாரத்தில் கைத்தறியைக் குழியோடு சேர்த்து அமைத்தனர். நெசவாளர் தரையில் அமர்ந்து, குழியினுள் காலை நீட்டி மிதியை மிதிப்பார். மிதிகள் இயங்க இடம் வேண்டும் என்பதே குழியின் முதற் காரணம். ஆயினும் மண்ணின் குளிர்ச்சியும் ஈரமும் குழியிலிருந்து பாவு நூலைச் சென்றடைகின்றன. கோடையில் நெய்பவருக்கு அது சிறிய உதவியன்று. காற்று மிக உலர்ந்தால் பட்டு இழை தன் ஈரத்தை இழந்து முறுகும். முறுகிய இழை அறுபடும். அறுபட்ட இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைப்பதற்குள் அன்றைய பொழுது கழிந்துவிடும்.

தறியில் ஏறிய நூலுக்கு வெப்பம் பகையாகத் தோன்றுகிறது. ஆனால் அந்நூல் தறிக்கு வருமுன் கடந்துவந்த வழியைப் பின்னோக்கிப் பார்த்தால், வெப்பமின்றிப் பட்டே இல்லை என்பது புலனாகும். புழு கட்டிய கூடு சேலையாவதற்குள் பல முறை சூடேறிப் பல முறை ஆறுகிறது. ஒவ்வொரு முறையும் அதற்கு வேண்டிய வெப்பம் வேறு. ஒன்றிற்கு உகந்த சூடு மற்றொன்றைக் கெடுத்துவிடும். சூடு எவ்வளவு என்பது மட்டுமன்று, எப்பொருளின் வழியாக எவ்வளவு விரைவில் வந்து சேர்கிறது என்பதும் பட்டின் தரத்தை முடிவுசெய்கிறது.

முசுக்கொட்டை இலையைத் தின்று வளர்ந்த பட்டுப்புழு தன்னைச் சுற்றிக் கூடு கட்டுகிறது. கூடு முழுவதும் ஒரே இழை. நல்ல இனக் கூடு ஒன்றில் அவ்விழையின் நீளம் ஆயிரம் மீட்டருக்கும் மேற்படும். கூர்ந்து நோக்கினால் அது இரட்டை இழை. இரண்டையும் சேர்த்து ஒருவகைப் பசை போர்த்தியிருக்கும். உள்ளிருக்கும் இழைப்பொருளை ஃபைப்ராயின் என்றும், பசையைச் செரிசின் என்றும் அறிவியலார் அழைப்பர். இரண்டும் புரதங்களே. எடையில் ஏறத்தாழக் கால் பங்கு பசை.

கூட்டினுள் புழு உருமாறி, பத்துப் பன்னிரண்டு நாள்களில் அந்துப்பூச்சியாகி விடுகிறது. அப்பூச்சி ஒருவகை நீரை உமிழ்ந்து கூட்டின் ஒரு முனையை இளக்கித் துளைத்துக்கொண்டு வெளிவரும். துளைபட்ட கூட்டில் ஒரே இழை பல துண்டுகளாகிவிடும். அதைப் பஞ்சுபோல் நூற்கலாமேயன்றி நீள இழையாக எடுக்க இயலாது. ஆகவே பூச்சி வெளிவருமுன் உள்ளிருக்கும் கூட்டுப்புழுவை வெப்பத்தால் கொன்றுவிடுகின்றனர். கேட்பதற்கு இனிய செய்தி அன்று; ஆயினும் பட்டைப் பற்றிப் பேசுமிடத்து மறைக்கத்தக்கதும் அன்று.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. கூட்டை வெயிலில் பரப்புவது பழைய வழி. செலவற்றது, ஆனால் நாள் பிடிக்கும், கதிரவனின் புறஊதாக் கதிர்கள் இழையையும் தாக்கும். நீராவியில் வைப்பது இரண்டாம் வழி. இங்கே நீராவியின் தனி ஆற்றல் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொதிநீரும் அதிலிருந்து எழும் ஆவியும் ஒரே வெப்பநிலையில், அதாவது 100 டிகிரி செல்சியசில் இருப்பவை. எனினும் ஒரு கிராம் கொதிநீர் மனித உடலின் சூட்டிற்குக் குளிரும்போது சுமார் 63 கலோரி வெப்பத்தையே தரும். ஒரு கிராம் ஆவியோ நீராக மாறும் பொழுதே 540 கலோரியைக் கொட்டிவிட்டு, அதன்பின் அந்த 63 கலோரியையும் தரும். வெப்பமானியில் தோன்றாமல் ஆவியினுள் ஒளிந்திருக்கும் இவ்வெப்பத்தை உள்ளுறை வெப்பம் என்பர். பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் ஜோசப் பிளாக் என்னும் பேராசிரியர் இதனை ஆய்ந்து விளக்கினார். சோற்றுப் பானையைத் திறக்கும்போது ஆவி பட்டுக் கை வெந்தவர், அவர் கூறியதை ஐயமின்றி ஒப்புக்கொள்வர். ஆவி கூட்டின் ஓட்டினுள் நுழைந்து குளிர்ந்து நீராகும்போது தன் உள்ளுறை வெப்பத்தை அங்கேயே விட்டுவிடுகிறது. அதனால் புழு விரைவில் மடிகிறது. ஆனால் கூடு நனைந்துவிடும். உடனே உலர்த்தாவிடில் பூஞ்சை பிடிக்கும்.

மூன்றாம் வழி சூடான காற்று. இதில் கூட்டை அறையிலிட்டு, சுமார் 115 டிகிரிச் சூட்டில் தொடங்கி, மணிக்கு மணி குறைத்துக்கொண்டே வந்து 60 டிகிரி அளவில் முடிப்பர். தொடக்கத்தில் மிகுந்த சூடும் முடிவில் குறைந்த சூடும் எதற்காக? புதிய கூட்டினுள் இருக்கும் புழுவின் உடலில் நீர் மிகுதி. அந்நீர் ஆவியாகும்போது வெப்பத்தை உண்கிறது. மண்பானைத் தண்ணீர் கோடையிலும் குளிர்ந்திருப்பது இதனாலன்றோ? ஆகவே சுற்றியுள்ள காற்று 115 டிகிரியில் இருந்தாலும், ஈரமுள்ள வரையில் கூடு அச்சூட்டை எட்டுவதில்லை. ஈரம் தீரத்தீர அந்தக் காவல் நீங்குகிறது. அப்பொழுதும் முதலில் இருந்த சூட்டையே வைத்திருந்தால் இழைமேல் உள்ள பசை இறுகிவிடும். முட்டையின் வெண்கரு சூட்டில் இறுகியபின் எவ்வளவு நீர் ஊற்றினாலும் மீண்டும் இளகாததுபோல, இறுகிய பசையும் பின்னர் எளிதில் கரையாது. அத்தகைய கூட்டிலிருந்து இழை அவிழாமல் அறுந்து அறுந்து வரும். பெட்டியில் அடுக்கிய கூடுகளை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இக்குறை தெரியாது. நூல் எடுக்க அமர்பவருக்கே தெரியும்.

தருமபுரியிலும் கருநாடகத்து இராமநகரத்திலும் பட்டுக்கூட்டிற்கென அங்காடிகள் உள்ளன. அங்கே கூடு வாங்குவோர் அதனை நூலாக்குகின்றனர். நூலாக்குவதன் முதற்படி கூட்டை வேகவைத்தல். சோறு வேகவைப்பது போன்றதே இது என்று எண்ணிவிடலாகாது. கூட்டின் ஓடு அடர்ந்தது, பசை பூசப்பெற்றது, உள்ளே காற்று நிறைந்தது. வெந்நீரில் இட்டால் மிதக்கும். நீர் வெளிப்புறத்தை மட்டும் நனைக்கும். வெளியில் பசை மிக இளகிக் குழைய, உள்ளே சிறிதும் இளகாமல் நிற்கும். உட்புறத்தையும் வேகவைக்க வேண்டுமானால் கூட்டினுள் நீரைச் செலுத்த வேண்டும். ஓட்டைக் குத்தினாலோ இழை அறும். குத்தாமல் நீரை உட்புகுத்தும் வழியொன்றை வெப்பமே தருகிறது.

மூன்று தொட்டிகளில் வெந்நீர் வைப்பர். முதல் தொட்டியில் 65 டிகிரி, இரண்டாவதில் 95 டிகிரி, மூன்றாவதில் மீண்டும் 65 டிகிரி என்பது ஏறத்தாழ அளவு. துளைகளுள்ள கூண்டில் கூடுகளை இட்டு, ஒன்றன்பின் ஒன்றாக மூன்றிலும் அமிழ்த்துவர். காற்று சூடேறினால் விரியும். பிரெஞ்சு நாட்டினரான சார்லஸ் 1787 ஆம் ஆண்டில் கண்டறிந்த இவ்வுண்மையைக் கே-லுசாக் 1802 ஆம் ஆண்டில் அளவுடன் வெளியிட்டார். அழுத்தம் மாறாதிருப்பின், ஒவ்வொரு டிகிரிக்கும் எந்த வாயுவும் 0 டிகிரியில் தனக்குள்ள பருமனில் 273 இல் ஒரு பங்கு விரிகிறது. இதன்படி 65 இலிருந்து 95 டிகிரிக்குச் செல்லும் கூட்டினுள் இருக்கும் காற்று பதினொன்றில் ஒரு பங்கு பெருகும். பெருகிய காற்று ஓட்டின் நுண்துளைகள் வழியே குமிழிகளாக வெளியேறுகிறது. நீரிலிருந்து எழும் ஆவியும் உள்ளே புகுந்து காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. உடனே கூண்டை மூன்றாம் தொட்டிக்கு மாற்றுகின்றனர். அங்கே எஞ்சிய காற்று சுருங்குகிறது. ஆவியில் பெரும்பகுதி குளிர்ந்து நீராகிறது. ஒரு கிண்ணத்தை நிரப்பும் ஆவி நீரானால் சில துளிகளே ஆகும். ஆகவே கூட்டினுள் அழுத்தம் குறைந்து, வெளியே உள்ள நீர் நுண்துளைகள் வழியே தானே உள்ளே பாய்கிறது. மிதந்த கூடு நீர் நிரம்பித் தாழ்கிறது. ஒரு துளையும் இடாமல், ஓர் இழையும் அறாமல், உள்ளும் புறமும் பசை ஒருசேர இளகிவிடுகிறது.

மூன்று தொட்டிகளையும் ஒரே சூட்டில் வைத்தால் இவற்றில் எதுவும் நிகழாது. கூட்டினுள் நீரைச் செலுத்துவது 95 டிகிரிச் சூடு மட்டுமன்று. 95 இலிருந்து 65 க்கு இறங்கும் இறக்கமும் ஆகும்.

வெந்த கூட்டின் இழைமுனையைத் தேடிப் பிடித்து, ஏழெட்டுக் கூடுகளின் இழைகளை ஒன்றுசேர்த்து இழுத்தால் அது ஒரு நூலாகிறது. இளகிய பசை நீரை விட்டு மேலே வந்ததும் மீண்டும் இறுகி, அவ்விழைகளைப் பிணைத்துவிடுகிறது. பிரிப்பதற்கு இளகிய பசையே சேர்ப்பதற்கும் உதவுகிறது.

இவ்வேலையில் நெடுங்காலமாக ஒரு துன்பம் இருந்து வருகிறது. சர்க்கா என்னும் பழைய முறையில் கூட்டை வேகவைப்பதும் இழை எடுப்பதும் ஒரே தொட்டியில் நிகழும். தொட்டி நீர் கொதிநிலையை ஒட்டி இருக்கும். இழை எடுப்பவர் அறுந்த முனைகளைப் பிடிக்க நாள் முழுதும் விரலை அந்நீரில் இட்டு எடுப்பார். மனிதத் தோல் 45 டிகிரி அளவிலேயே வலியை உணரும். 60 டிகிரி நீரில் சில நொடிகளில் வெந்துவிடும். விரல்நுனித் தோல் வெளுத்து, ஊறி, உரிந்து, புண்ணாகும். புழுவின் உடலிலிருந்து கசியும் நீர் அப்புண்ணில் பட்டு மேலும் வருத்தும். மக்கள் விரும்பி அணியும் பட்டிற்காக இவ்விரல்கள் படும் பாடு சேலையில் எங்கும் தெரிவதில்லை.

துன்பத்தின் காரணம் வெப்பம் அன்று. இரண்டு வேலைகளை ஒரே வெப்பத்தில் செய்வதே காரணம். பசையை இளக்கக் கொதிநீர் வேண்டும். இளகிய இழையை அவிழ்க்க அவ்வளவு சூடு வேண்டுவதில்லை. 40 முதல் 45 டிகிரி வரை இருந்தாலே போதும். ஆகவே வேகவைப்பதை ஓரிடத்திலும் இழை எடுப்பதை வேறிடத்திலும் பிரித்து அமைத்த பல்முனை நூற்புப் பொறிகளில் கை படும் நீர் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. நூலும் சீராக வருகிறது. 1983 ஆம் ஆண்டில் பெங்களூரில் நிறுவப்பெற்ற மத்தியப் பட்டுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய சீர்திருத்தங்களுக்கு உழைத்து வருகிறது. எனினும் சிறு முதலுடைய குடும்பங்கள் பல, பொறி வாங்க வழியின்றிப் பழைய தொட்டியின் முன்பே அமர்ந்துள்ளன.

இவ்வாறு எடுத்த நூல் முறுக்கேறி, கழிகளாகக் கட்டப்பெற்று நெசவூர்களுக்கு வருகிறது. அப்பொழுது அது பட்டுப்போல் இராது. பசை நீங்காத அந்நூலைக் கோரா பட்டு என்பர். தொட்டால் சொரசொரக்கும், மங்கிய நிறமாயிருக்கும். அதைச் சவர்க்காரமும் சோடாவும் கலந்த நீரில், கொதிக்கு முன்னுள்ள சூட்டில், அரைமணி முதல் ஒரு மணி வரை வைத்துப் பசையை நீக்குகின்றனர். ஒரு கிலோகிராம் கோரா பட்டு இட்டால் ஏறத்தாழ முக்கால் கிலோகிராமே மிஞ்சும். எடை குறைந்தாலும் அப்பொழுதுதான் பளபளப்பும் மென்மையும் தோன்றுகின்றன. பசையில் புரத மூலக்கூறுகள் ஒழுங்கின்றிக் கிடப்பதால் வெந்நீர் அவற்றிடையே எளிதிற் புகுந்து கரைக்கிறது. இழைப்பொருளிலோ அவை ஏடுகள்போல் நெருங்கி அடுக்கப்பட்டுள்ளன; நீருக்கு எளிதில் இடம் கொடா. ஆனால் அந்நெருக்கமும் எல்லையற்ற காவல் அன்று. நெடுநேரம் கொதித்தாலும் சோடா மிகுந்தாலும் இழையும் நைந்து, நுண்ணிய மயிர்போல் சிலும்பிக்கொள்ளும். அதற்குப்பின் அந்நூலைப் பழைய நிலைக்குக் கொணர முடியாது.

அடுத்தது சாயம். சாயக்காரரின் அடுப்பங்கரையில் வெப்பம் செல்லும் மூன்று வழிகளையும் ஒருங்கே காணலாம். அடுப்பின்மேல் அகன்ற அண்டா, அண்டாவில் சாயநீர், அண்டாவின் குறுக்கே கம்புகள், கம்புகளில் மாலைபோல் தொங்கும் பட்டுக் கழிகள். கழியின் கீழ்ப்பகுதி சாயத்தில் மூழ்கியிருக்கும். மேற்பகுதி வெளியே இருக்கும். சாயக்காரர் கம்பைப் பிடித்துக் கழியை இடைவிடாது சுற்றிச் சுற்றி மாற்றிக்கொண்டே இருப்பார்.

நெருப்பின் வெப்பம் அண்டாவின் உலோகத்தைக் கடந்து நீரை அடைகிறது. உலோகத்தின் துகள்கள் தம் இடம்விட்டு நகராமலே வெப்பத்தை ஒன்று மற்றொன்றிற்குக் கொடுக்கின்றன. இதுவே வெப்பக் கடத்தல். இதில் செம்பு சிறந்தது. துருப்பிடிக்காத எஃகைவிட அது ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு நன்றாகக் கடத்தும். செப்பு அண்டாவில் அடிப்பக்கம் முழுவதும் சூடு விரைவில் பரவும். எஃகு அண்டாவில் தழல் படும் இடம் மட்டும் கடுஞ்சூடாகி மற்ற இடம் பின்தங்கும். எஃகு அமிலத்தால் அரிபடாது. ஆகவே அதற்கும் தனிச்சிறப்பு உண்டு. அதில் சாயமிடுபவர் கிளறுவதில் மிகுதியும் கவனம் செலுத்த வேண்டும். கம்பு மரத்தால் ஆனது. செம்பின் கடத்தும் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மரத்திற்கு இல்லை. கொதிக்கும் அண்டாவின் குறுக்கே கிடந்தாலும் அதன் முனையைக் கையால் பற்றலாம்.

அண்டாவின் அடியில் சூடேறிய நீர் விரிந்து இலேசாகி மேலெழுகிறது. மேலிருக்கும் குளிர்ந்த நீர் கனத்துக் கீழிறங்குகிறது. இவ்வாறு நீரே நகர்ந்து வெப்பத்தைச் சுமந்து செல்வது வெப்பச் சலனம். சாயம் கலந்த நீரில் இந்த ஓட்டத்தைக் கண்ணாலேயே காணலாம். ஆனால் கழிகள் நெருங்கித் தொங்கும் இடத்தில் ஓட்டம் தடைப்படும். அங்கே சூடும் சாயமும் குறையும். கழியைச் சுற்றிக்கொண்டே இருப்பது அதற்காகத்தான். மூன்றாவது வழி கதிர்வீச்சு. அடுப்பின் முன் நிற்பவர் முகத்தில் சுரீரென்று உறைக்கும் வெப்பம் காற்றைச் சூடாக்கிக்கொண்டு வருவதன்று. தழலிலிருந்து கதிராக நேரே வருவது. இடையில் ஒரு முறத்தைப் பிடித்தால் உடனே மறைந்துவிடும்.

பட்டுக்கு இடும் அமிலச் சாயங்களில் ஓர் இயல்பு உண்டு. நீர் சூடேறுந்தோறும் அவை நூலில் விரைந்து ஏறும். ஆகவே கழிகளை 40 டிகிரி அளவிலுள்ள வெதுவெதுப்பான சாயத்தில் இட்டு, மெல்ல மெல்லச் சூட்டை உயர்த்தி 85, 90 டிகிரிக்குக் கொண்டுசெல்வர். பொறுமையின்றி முதலிலேயே கொதிக்கும் சாயத்தில் இட்டால், முதலில் நனைந்த பகுதி சாயத்தையெல்லாம் பற்றிக்கொள்ளும். பிந்தி நனைந்த பகுதி வெளிறும். திட்டுத்திட்டாக நிறமேறிய நூலைத் தறியில் ஏற்றினால் சேலையின் உடலில் கோடு கோடாகத் தெரியும். சாயத்தில் கெட்ட ஒரு கழி, பல நாள் நெய்த உழைப்பையும் கெடுத்துவிடும். தளதளவென்று கொதிக்கவிடுவதும் ஆகாது. குமிழிகளின் மோதலால் நூல்கள் ஒன்றோடொன்று உராய்ந்து பளபளப்பை இழக்கும். வெப்பமானி இல்லாத நாளில் சாயக்காரர்கள் எழும் ஆவியையும், அண்டாவின் ஓரத்தில் கட்டும் சிறு குமிழிகளையும், நீரின் ஒலியையும் கொண்டே சூட்டை அளந்தனர். அக்கண்ணும் காதும் ஒரே நாளில் பயின்றவை அல்ல.

சாயமிட்ட கழியை நிழலில்தான் உலர்த்துவர். ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஞாயிற்றிலிருந்து வெற்றிடத்தையும் கடந்து வரும் கதிர்களில் வெப்பம் மட்டுமன்றிப் புறஊதாக் கதிரும் உண்டு. அது பட்டைப் பழுப்பாக்கும், வலுவைக் குறைக்கும். நிழலில் வீசும் காற்று நூலின் நீரை மட்டும் கொண்டுபோகும். நீரையும் முழுவதும் கொண்டுபோவதில்லை. பட்டு எப்பொழுதும் காற்றிலிருந்து ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும் இயல்புடையது. உலர்ந்த பட்டின் எடையில் நூற்றுக்கு 11 பங்கு ஈரம் இருப்பது முறை என்று வணிகத்தில் கணக்கிடுகின்றனர். ஈரம் இதனினும் மிகுந்தால் வாங்குபவர் நீருக்கும் பட்டின் விலை கொடுத்தவராவார். மிகக் குறைந்தால் முன்னர்க் கூறியபடி நூல் முறுகும். பாவு நூலைத் தெருவில் நீட்டிக் கஞ்சியிடும் வேலையை நெசவாளர் விடியற்காலையில் செய்வதற்கும், இளவெயிலே போதும் என்னும் இக்கணக்கே காரணம்.

நெய்து முடிந்த பட்டு அணிபவரின் உடலில் வேறொரு தொழிலை மேற்கொள்கிறது. அது உடலின் வெப்பம் விரைந்து வெளியேறாமல் தடுக்கிறது. இதனை அளந்து பார்த்தவருள் ஒருவர் ரம்ஃபோர்டு பிரபு எனப்படும் பெஞ்சமின் தாம்சன். அமெரிக்காவில் பிறந்து, செருமனியின் பவேரியா நாட்டில் படைத்துறைப் பொறுப்பு வகித்தவர் அவர். படைவீரருக்கு எத்துணி கதகதப்பானது என்று அறிய விரும்பி, கண்ணாடிக் குமிழ் ஒன்றினுள் வெப்பமானியின் குமிழை நடுவில் அமைத்து, இரண்டிற்கும் இடைப்பட்ட இடத்தில் வெவ்வேறு பொருள்களை ஒரே எடையாக நிரப்பினார். அக்கருவியைக் கொதிநீரில் சூடாக்கிப் பனிக்கட்டி கலந்த நீரில் ஆழ்த்தி, குறித்த அளவு குளிர எத்தனை நொடி ஆகிறது என்று கணக்கிட்டார். அம்முடிவுகள் 1792 ஆம் ஆண்டில் வெளிவந்தன. வெறும் காற்று மட்டும் இருந்தபோது 576 நொடி. பருத்திப் பஞ்சு நிரப்பியபோது 1046. ஆட்டு மயிருக்கு 1118. முறுக்காத பச்சைப் பட்டிற்கு 1284 நொடி.

இதனினும் வியப்பானது அடுத்த ஆய்வு. அதே எடையுள்ள பட்டை, முறுக்கிய தையல்நூலாக வெட்டி நிரப்பினார். குளிர்வதற்கு 917 நொடியே ஆயிற்று. பொருள் மாறவில்லை, எடை மாறவில்லை. ஆயினும் தடுக்கும் ஆற்றல் வெகுவாகக் குறைந்தது. வெப்பத்தைத் தடுப்பது பட்டிழை மட்டுமன்று, இழைகளுக்கிடையே அசையாமல் சிறைப்பட்ட காற்றும் ஆகும் என்று ரம்ஃபோர்டு உணர்ந்தார். கட்டின்றி விடப்பட்ட காற்று சலனத்தால் வெப்பத்தைச் சுமந்து ஓடிவிடுகிறது. மெல்லிய இழைகள் நெருங்கிப் பரந்து நிற்குமிடத்தில் அது நகர வழியில்லை. இழையை முறுக்கி இறுக்கினால் காற்றுக்குத் திறந்த வழி கிடைத்துவிடுகிறது. செய்யாற்று மணலின் பருக்கைகளுக்கு இடையே அடைபட்ட காற்றும் நண்பகலில் இதே வேலையைத்தான் செய்கிறது. சித்திரையில் மணக்கோலத்தில் கனத்த பட்டுடுத்தி வேள்வித்தீயின்முன் அமர்ந்திருக்கும் மணமக்களின் முகத்தில் வியர்வை அரும்புவதற்கும் விளக்கம் இதுவே.

பட்டைப் பேணுவோர் அதன் வெப்ப எல்லையையும் அறிந்திருத்தல் நலம். பட்டு 140 டிகிரி வரையிலான சூட்டை நெடுநேரம் தாங்கும். 175 டிகிரியில் விரைந்து சிதையும். துணி தேய்க்கும் பெட்டி பருத்திக்கெனச் சூடேறியிருக்கும்போது அந்த எல்லையைக் கடந்துவிடும். தேய்ப்பவர் ஒரு வெண்துணியை மேலே விரித்து, குறைந்த சூட்டில் தேய்ப்பர். எல்லை கடந்தால் பட்டு உருகுவதில்லை. அதன் மூலக்கூறுகளே முறிந்து கருகிவிடும். பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழையோ 260 டிகிரியை ஒட்டிய சூட்டில் மெழுகுபோல் உருகும்.

வெப்பம் பொருளை மாற்றும் இவ்வேறுபாட்டையே பட்டறிந்தோர் தேர்வுமுறையாகக் கொண்டனர். பட்டென்று சொல்லி வேறு நூலைக் கலந்து விற்பதும் உலகில் உண்டு. கண்ணாலும் கையாலும் கண்டறிய இயலாத கலப்பைச் சிறு தீச்சுடர் காட்டிவிடும். துணியின் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவிச் சுடரருகே பிடிக்க வேண்டும். பருத்தியாயின் பற்றி எரிந்து, காகிதம் எரியும் மணம் வீசி, மெல்லிய சாம்பலாகும். செயற்கை இழையாயின் சுருண்டு உருகி, ஆறியபின் நசுக்க முடியாத கெட்டியான மணியாக நிற்கும். பட்டாயின் மெல்ல எரியும். சுடரை விலக்கினால் பெரும்பாலும் தானே அணையும். முனையில் திரண்ட கரிய உருண்டையை இரு விரலால் தேய்த்தால் பொடிந்துபோகும். அப்போது எழும் நாற்றம் தலைமயிர் தீய்வதை ஒத்திருக்கும். மயிரைப் போலவே, கூட்டினுள் புழு நூற்றதும் புரதம்தான்.